போணி ஆகாத கப்பல் வூடு

"இந்த வாட்டியும் காலை வாரினீங்க, அண்ணேன்னு பாக்க மாட்டேன்"னு எத்திராஜண்ணன்கிட்ட வாசல்லயே சொல்லிட்டேன்.

"இன்னா பாய் இப்டி பேசுற? பார்ட்டிய உள்ள கூட்டியா"ன்னாரு, ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி.

நான் தப்ரேஸ். வீட்டு புரோக்கர். இதுவரைக்கும் இந்த வீட்டுக்கு ஏழு பார்ட்டி கூட்டியாந்தேன். விலை படிஞ்சு முடியுற நேரத்துல ஏழு பேரையும் இந்த மனுஷன் விரட்டி விட்டுட்டாரு. ஒருத்தருக்கு கால் பெருசு, படிக்கு ஆவாதுன்னாரு. இன்னொருத்தர்கிட்ட, மீன்பிடி தடைக்காலத்துல கப்பலைக் கை மாத்தக் கூடாதுன்னாரு.

எட்டாவதும் ஊத்திக்கிச்சுன்னா, புரோக்கர் தொழிலை விட்டுட்டு மச்சானோட கறிக்கடைக்குப் போறதா என் பொண்டாட்டிக்கு சத்தியம் பண்ணிருக்கேன். எனக்கு ரத்தத்தைப் பாத்தாலே தலை சுத்தும்.

திருவொத்தியூர்ல கப்பல் வூடுன்னா எல்லாருக்கும் தெரியும். அண்ணன் விசைப்படகு ஓட்டி நல்லா சம்பாதிச்ச காலத்துல கட்டினது. முன்பக்கம் கூரா மூக்கு, ஜன்னல் அத்தனையும் வட்டம், மொட்டை மாடியில ஸ்டீயரிங் வெச்ச ஒரு ரூம், அதுக்கு மேல ஹாரன். பீரோ வைக்க நேரான சுவரு ஒண்ணு கிடையாது. போர்டுல நான் 'ரெடி டு மூவ்'னு எழுதப் போக, "எங்க பாய் மூவ் ஆவுது, அந்தமானுக்கா?"ன்னு ஆட்டோக்காரன்லாம் கேக்குறான்.

எட்டாவது பார்ட்டி எபினேசர் அண்ணாச்சி. டோல்கேட் பக்கம் மளிகை மொத்த வியாபாரம். தெக்கத்திக்காரர், கையில செக் புக்கோட வந்துட்டாரு.

ஹால்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க அண்ணனோட சம்சாரம் அங்கம்மாக்கா. காசிமேட்டுல முப்பது வருஷம் மீன் வித்தவங்க. விலை பேசுறது எப்பவும் அவங்கதான்.

"ஒண்ணு இருவது. போணி நேரம், பேரம் பேசாத."

"ஒரு கோடியே இருபது லட்சம்"னு நான் விளக்கினேன்.

"எண்பதுன்னா முடிச்சிரலாம்மா"ன்னாரு அண்ணாச்சி.

"எம்பதா! எம்பதுக்கு வாலு கூட வராது. போய் எதுனா நண்டு வளை பாரு!"

"சுவரெல்லாம் வளைஞ்சுல்லா இருக்கு?"

"ஐஸுல வெச்ச சரக்கா இது? தோ, செவுளைத் தொறந்து பாரு!" உக்காந்த இடத்துலருந்தே கைத்தடியால வட்ட ஜன்னலைத் தள்ளினாங்க. அண்ணாச்சி பக்கத்துல போய் மோந்தே பாத்துட்டாரு.

ஒரு மணி நேரம் ஓடுச்சு. அக்கா திட்டுறாங்க, சிரிக்கிறாங்க, தொடையைத் தட்டுறாங்க. அண்ணாச்சியும் லேசுப்பட்ட ஆளா? கோவிச்சுக்கிட்டு எழுந்து கேட்டு வரைக்கும் போயிட்டாரு.

"யோவ், இங்க வா! ஒண்ணு அஞ்சு. மாடி ஹாரனை கொசுறா வெச்சுக்க!"

"ஒண்ணு. அதுக்கு மேல பைசா கிடையாது."

"எடு செக்கை!"

ஒரு கோடி. முடிஞ்சுது! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அண்ணாச்சி பேனா மூடியைக் கழட்டினாரு.

அப்பத்தான் எத்திராஜண்ணன் தொண்டையைச் செருமினாரு. "சாருக்கு நீஞ்சத் தெரியுமா?"

"தெரியாது. எதுக்கு?"

"அப்ப இல்ல சார். இது கப்பல் வூடு. நாளைக்கு ஒண்ணுன்னா பாவம் எங்களைச் சுத்தும்."

"வீடு தரையிலதான இருக்கு?"

"இப்ப கீது."

அண்ணாச்சி செக் புக்கை மூடினாரு. "கோட்டிக்கார ஆஸ்பத்திரியில கூட ஜன்னல் சதுரமாத்தாம்வே இருக்கும்!"னு என்னைப் பாத்து கத்திட்டு வண்டியேறிப் போயிட்டாரு. நான் இன்னா பண்ணேன்?

உள்ளேருந்து அக்கா குரல். "போறான் வுடுய்யா! ஒரு கோடிக்கு கேட்டுட்டான் பாரு, நம்ம சரக்கு அப்டி! பசிக்குது, சோத்தைப் போடு."

அண்ணன் விழுந்தடிச்சுக்கிட்டு சமையல்கட்டுக்கு ஓடினாரு. நான் விடல. பின்னாடியே போய் வழியை மறிச்சேன்.

"விக்கிறியா, இல்லியா? உன்னால என் பொழப்பே நாறிப் போச்சு. பைத்தியமாய்யா நீ?"

அவரு தட்டுல சோத்தை வெச்சு, மீன் குழம்பை ஊத்தினாரு.

"கத்தாத பாய், அவளுக்குக் கேக்கப் போவுது. மூட்டு போயி, கூடையை எறக்கி வெச்சு ஒரு வருசம் ஆவுது. அன்னிலேர்ந்து பேச்சு இல்ல, சோறு இல்ல. பேரம் பேசியே வளர்ந்தவ, செவுத்தைப் பாத்துக்கினு கெடந்தா. போயிடுவாளோன்னு பயந்துட்டேன். அவகிட்ட பேரம் பேச ஒரு கடன்காரன் கூட நம்ம வூட்டுக்கு வரல. அப்பத்தான் போர்டு மாட்டுனேன். மொத ஆளு வந்து வெல கேட்டான் பாரு, அன்னிக்குத்தான் வாயத் தொறந்தா. ரெண்டு தட்டு சோறு துன்னா."

மறிச்ச வழியை விட்டு நான் ஒதுங்கினேன்.

"உன் பொழப்புல மண்ணைப் போட்டது தப்புதான் பாய். ஆனா நீயே சொல்லு. வூட்டை வித்துட்டா, நாளைக்கு அவ எத்த விப்பா?"

இப்ப நான் கறிக்கடையிலதான் இருக்கேன். கால் கிலோ வாங்க கால் மணி நேரம் பேரம் பேசுறவங்களா பாத்து, வாரத்துக்கு ஒருத்தரை கப்பல் வூட்டுக்கு அனுப்பி வைக்கிறேன். "வெலைய மட்டும் சீக்கிரம் படிய வுட்றாதீங்க"ன்னு சொல்லி.