ரெண்டு பர்சன்ட்

"சார், கேஷா குடுத்தா லைம் சோடா நூத்தி இருபது ரூபாயோட போச்சு. கார்டுன்னா குறைஞ்சது ஐந்நூறு ரூபாய்க்கு சாப்பிடணும். மேல ரெண்டு பர்சன்ட் வேற. போர்டுல எழுதிக்கீது பாருங்க."

"பார்த்தேன் தம்பி. ஐந்நூறுக்கு வர்ற மாதிரி எதையாவது கொண்டாங்க. கார்டுதான்."

செந்தில்குமாருக்குச் சுருக்கென்றது. இந்த ஆளிடம் ஏதோ இருக்கிறது.

தி.நகரில் ஓர் ஓட்டலின் முதல் மாடியில் இருக்கும் பார் அது. செந்தில்குமார் அங்கே எட்டு வருஷமாக சர்வர். அந்த போர்டால் வாரத்துக்கு நாலு சண்டை பார்த்தவன். "பகல் கொள்ளைடா" என்பார்கள். "கோர்ட்டுக்கு இழுப்பேன்" என்பார்கள். போர்டைப் படித்துவிட்டுச் சரி என்று தலையாட்டிய ஒரே மனிதர் இவர்தான்.

அதுவும் யார்? இரண்டு தெரு தள்ளிப் பாத்திரக்கடை வைத்திருக்கும் பொன்ராஜ் அண்ணாச்சி! போன பொங்கலுக்குக் குக்கர் வாங்கப் போன செந்தில்குமாரை, "கார்டெல்லாம் நம்ம கடையில கிடையாது, ரொக்கம் கொண்டா" என்று ஏ.டி.எம்.மைத் தேடி வெயிலில் நடக்கவிட்ட புண்ணியவான். அவர் இங்கே வந்து ரெண்டு பர்சன்ட் தண்டம் கட்டுகிறாராம்.

சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

இது ஐந்தாவது செவ்வாய்க்கிழமை; வாரம் தவறாமல் இவனும் போர்டைக் காட்டுகிறான், அவரும் கார்டுதான் என்கிறார். மத்தியானம் மூன்று மணிக்கு, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார். நெற்றி நிறையத் திருநீறு. பீர் பாட்டில் பக்கம் திரும்பக்கூட மாட்டார். ஐந்நூறை எட்டுவதற்காக வரவழைத்த கோபி மஞ்சூரியன் ஆறிப்போய் அப்படியே கிடக்கும்.

"ஜிபே பண்ணிடுங்களேன் சார். ஸ்கேனர் இங்கயே கீது. ஒரு பைசா எக்ஸ்ட்ரா இல்ல."

"கார்டு" என்றார் மறுபடி. ஆனால் அவர் பார்வை செந்தில்குமார் மேல் இல்லை.

அது போன திசையில் இவனும் பார்த்தான். கல்லாவில் பூஜா உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வாய் நிறைய "அண்ணே" என்று கூப்பிடுகிற பெண்.

அடப்பாவி! இதுதானா விஷயம்?

முன்பு ஒரு சர்வர், வந்தவர்களின் கார்டு நம்பரைக் குறித்துக்கொண்டு வில்லங்கம் செய்துவிட்டான். அன்றிலிருந்து கார்டு மிஷினைக் கல்லாவில் இருப்பவரைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. கேஷ் என்றால் சர்வர் வாங்கிக்கொள்வான். கார்டு என்றால் பூஜாதான் மிஷினை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாக வேண்டும்.

இந்த வயசில் இப்படி ஒரு புத்தியா! இன்றைக்கு விடுவதில்லை என்று செந்தில்குமார் தண்ணீர் ஜக்கோடு பக்கத்து மேசையைத் துடைக்கிற சாக்கில் நின்றுகொண்டான்.

பூஜா வந்தாள். "பின் போடுங்க சார்."

அண்ணாச்சி பதில் பேசவில்லை. நாலு எண்ணை அழுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"எரர் வருது. மறுபடி போடுங்க சார்."

போட்டார்.

"ஏறலை சார். இன்னொரு வாட்டி."

மூன்றாவது முறையும் அதே கதை. அண்ணாச்சி அவசரப்படவில்லை. அவள் நிற்க நிற்க அவருக்கு நல்லது போலத்தான் இருந்தது. செந்தில்குமாரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. ஜக்கை வைத்துவிட்டு இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றான்.

"போதும் சார். வேணும்னே தப்பு நம்பரைப் போட்டுக்கினு, ஒரு பொண்ணை இப்படி நிக்க வெச்சுப் பார்க்கறது பெரிய மனுஷன் செய்யற வேலையா? உங்க வூட்ல இந்த வயசுல பொண்ணு இல்ல?"

அண்ணாச்சியின் முகம் சுண்டிப்போனது.

"இருக்கா தம்பி" என்றார். கையில் கார்டோடு தலையைக் குனிந்துகொண்டார்.

பூஜா செந்தில்குமாரின் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கல்லாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஐயோ அண்ணே, என்ன காரியம் பண்ணிட்டீங்க! அவர் எங்கப்பா."

"இன்னாது?"

"நான் எனக்குப் பிடிச்சவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்ல? அன்னிக்கே கடை வாசல்ல நாலு பேர் முன்னாடி சத்தியம் பண்ணிட்டார், இனிமே இவகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு. சொன்ன சொல்லைத் தாண்ட மாட்டார். ரெண்டு வருஷம் கண்ணுலயே படலை. நான் இங்க வேலைக்குச் சேர்ந்தது எப்படியோ தெரிஞ்சிருக்கு. காசு குடுத்தா நீங்க வாங்கிட்டு வந்துடுவீங்க. கார்டுன்னா நான்தானே போய் எதிர்ல நிக்கணும்?"

செந்தில்குமாருக்குத் தன்னையே ஓர் அறை விடலாம் போலிருந்தது. ஓரத்து மேசையில் அண்ணாச்சி இன்னும் நிமிரவில்லை.

"தப்பு என் பேர்லதாம்மா. போய்க் காலைப் புடிச்சாவது மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றான். "பாவம், உன்னை இன்னும் ரெண்டு நிமிஷம் பார்க்கணும்னுதான் மனுஷன் பின் நம்பரைத் தப்புத் தப்பா போட்டுக்கினு இருந்திருக்காரு."

பூஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லண்ணே. அவர் மூணு வாட்டியும் சரியாத்தான் போட்டார். நான்தான் கேன்சலை அமுக்கினேன்."