ராமேசுவரத்துக்கு இரண்டு பேர்

காரிமங்கலத்தில் முனியப்பன் வீட்டில் சில நாளாக ராமேசுவரப் பேச்சுதான். கடல் நடுவே தீவாம், பாலத்தின் மேல் ரயில் போகுமாம். அந்த வீட்டில் சேலத்தைத் தாண்டியவர் யாருமில்லை. அடுத்த வீட்டுக் கோவிந்தம்மாள் சும்மா விசாரிக்கத்தான் வந்தாள். வந்தவள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எருமை கன்னு போடற நேரம். யாராச்சும் ஒருத்தர் வூட்ல இருந்தாகோணும்," என்றான் முனியப்பன்.

"நான் இருக்கறேன் மாமா. நீங்களும் அக்காவும் போயிட்டு வாங்க," என்றாள் காவேரி, வழிச்சாப்பாட்டு முறுக்குக்கு மாவு பிசைந்தபடி.

"கடல்ல புருசன் துண்டையும் பொண்டாட்டி முந்தானையையும் முடிஞ்சுக்கிட்டுத்தான் முழுகோணுமாம்," என்றாள் மூத்தவள் மாதம்மாள்.

காவேரியின் கை மாவிலேயே நின்றது.

"ஏண்டி, கண்ணு கலங்குது?" என்று கேட்டாள் மாதம்மாள்.

"அடுப்புப் புகைதான், அக்கா."

அடுப்பை இன்னும் பற்ற வைக்கவே இல்லை. அதைக் கோவிந்தம்மாளும் பார்த்தாள், மாதம்மாளும் பார்த்தாள்.

"இந்தாங்க, எருமையை நீங்க பாத்துக்கோங்க. நானும் காவேரியும் போறோம்," என்றாள் மாதம்மாள்.

"அதெப்படி? புருசன் இல்லாம முழுகினா புண்ணியம் சேருமா?" கோவிந்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

மாதம்மாள் எழுந்து முனியப்பன் தோளில் கிடந்த துண்டை உருவி மடித்தாள்.

"இது வந்தாப் போதும். ஒரு முனையில என் முந்தானை, மறுமுனையில இவ முந்தானை. எங்க ரெண்டு பேருக்கும் தாலி கட்டினவரு இவருதானே."

முனியப்பன் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனான்.