இரண்டாவது கையெழுத்து

"செங்குருகு!" என்று கத்தினான் ஐசக். தாம்பரத்திலிருந்து பறவை பார்க்க வந்திருந்த கூட்டம் திரும்புவதற்குள் அந்தப் பறவை பள்ளிக்கரணைச் சதுப்பின் கோரைக்குள் மறைந்துவிட்டது.

கரையில் முகம் கழுவிக்கொண்டிருந்த குழுத் தலைவர் வைத்தீஸ்வரன் நிமிர்ந்தார். "வேற யாராவது பார்த்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை.

"அப்ப நோட்டுல எழுதக் கூடாது. பார்த்த ரெண்டு பேர் கையெழுத்து வேணும்."

"சார், இதான் நூறாவது."

"குழுவுல சேர்ந்து ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள நூறா? காக்காவை எத்தனை தடவை எழுதினே?" கூட்டம் சிரித்தது.

ஐசக் நோட்டை நீட்டினான். வைத்தீஸ்வரன் அதை மூக்கருகே பிடித்துப் புரட்டினார். தொண்ணூற்றொன்பது பறவைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சாராள், ஐசக் என்று இரண்டு கையெழுத்து.

"சாராள் யாருப்பா?"

"என் மனைவி சார். ஈஸ்டருக்கு முன்னாடி தவறிட்டா. நூறு ஆகணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா."

வைத்தீஸ்வரன் கையை நீட்டினார். "பேனா குடு. நானும் பார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

பேனாவைச் சட்டைப் பையில் செருகப்போன ஐசக்கின் விரலில் ஏதோ தட்டியது. முகம் கழுவுமுன் வைத்தீஸ்வரன் அவனிடம் கொடுத்துவைத்த மூக்குக்கண்ணாடி.

"அதை இப்பக் குடுப்பா" என்றார் அவர். "நூத்தியொண்ணாவதைப் பார்க்க வேணாமா?"