முழு வாக்கியம்

தமிழ் எழுத்தைக் குரலாக்கும் அந்த இலவச மென்பொருளை யார் வேண்டுமானாலும் திருத்தலாம்; ஆனால் திருத்தத்தைச் சேர்ப்பதும் தள்ளுவதும் சுகிர்தா கையில். எங்கிருந்தும் இணையம் வழியே எழுத்தை அனுப்பிக் குரலை வாங்கிக்கொள்ள ஒரு வாசல் கட்டி அனுப்பியிருந்தான், அவள் முகம் பார்த்தறியாத ஜெபசிங். மூன்று மாத உழைப்பு, அத்தனை சுத்தம். ஒன்றுதான் உறுத்தல். பிழை நேர்ந்தால் ஊரில் இப்படிப்பட்ட எல்லா வாசலும் நானூறு, ஐந்நூறு என்று ஓர் எண்ணைத் திருப்பி அனுப்பும். இவனுடையதோ முழு வாக்கியம் பேசியது. “வளவளன்னு இருக்கு, தள்ளிடுங்க” என்றார்கள் கூட்டாளிகள். தள்ளுமுன் ஒரு வார்த்தை கேட்போமே என்று போன் போட்டாள்.

“நானூறுன்னு நம்பர் மட்டும் அனுப்பினா போதாதா தம்பி?”

“ஒங்களுக்குக் கண்ணு இருக்குக்கா, பாத்துக்கிடுவீங்க. நான் பொறந்ததுலேருந்தே காதாலதான பாக்கேன். நானூறு, நானூறுன்னு கம்ப்யூட்டர் வாசிச்சுக் கத்துனா, சந்தையில ஆட்டுக்கு வெல பேசுத மாதிரில்லா இருக்கு!”

சிரித்துக்கொண்டே, அவன் வாசலுக்கு எழுத்தில்லாத வெறும் கோரிக்கை ஒன்றை அனுப்பிப் பார்த்தாள் சுகிர்தா. திரையில் பதில் வந்தது: ‘நீங்கள் அனுப்பியதில் எழுத்து ஏதும் இல்லை. அவசரமில்லை, நிதானமாக அனுப்புங்கள்.’

சேர்க்கும் பொத்தானை அழுத்தினாள். அந்தச் சொடுக்கு மட்டும் போன் வழியே அவனுக்குக் கேட்டது.

“யக்கா,” என்றான் அவன் மெதுவாக, “தள்ளிட்டீங்களா?”