சர்க்கரை நானூறு

ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கெல்லாம் வருடாந்தர ரத்தப் பரிசோதனை. எல்லோருடைய ரத்தமும் டியூப்களில் எடுத்தாகிவிட்டது. இதுதான் சமயம் என்று லேப்காரர் சிஸ்டரிடம் கிசுகிசுத்தார்.

"மருந்து கவுன்ட்டர் தம்பி, இரும்பு உடம்புன்னு அலட்டிக்கிறான்ல? சர்க்கரை நானூறுன்னு ரிப்போர்ட் போட்டுக் கொடுக்கிறேன். கொஞ்ச நேரம் ஆடிப்போகட்டும்."

"பாவம் சார், மயங்கி விழுந்துடப் போறான்."

"விழுந்தா என்ன, ஆஸ்பத்திரியிலதானே விழறான்."

மறுநாள் ரிப்போர்ட்டோடு மருந்து கவுன்ட்டருக்குப் போனபோது லேப்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"உட்காரு தம்பி. வெள்ளை அணு தாறுமாறா ஏறிக் கிடக்கு. இன்னைக்கே பெரிய டாக்டரைப் பார்த்துடலாம். பயப்படாதே, நான் இருக்கேன்."

தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பிரமாதமா நடிக்கிறீங்கண்ணே. நீங்க ரெண்டு பேரும் பேசினதைத் திரைக்குப் பின்னால நின்னு கேட்டுட்டேன். அப்பவே என் டியூப் ஸ்டிக்கரையும் உங்க டியூப் ஸ்டிக்கரையும் மாத்தி ஒட்டிட்டேன். அது உங்க ரத்தம். ஆமா, சர்க்கரைன்னுதானே திட்டம்? வெள்ளை அணுன்னு ஏன் மாத்தினீங்க?"

லேப்காரர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

"நான் எதையும் மாத்தலைடா. மெஷின்ல வந்ததைப் பார்த்ததுமே விளையாட்டை விட்டுட்டேன். திரும்பத் திரும்ப ஓட்டினேன், அதையேதான் காட்டுது."

தம்பியின் சிரிப்பு நின்றுவிட்டது. லேப்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்டிக்கரை மாத்தலைன்னு சொல்லுடா."

சொன்ன மறுகணமே, அப்படிக் கேட்டதற்காக அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.