இமைக்குத் தப்பிய முடிச்சு

வேட்டைக்காரர்கள் அணியும் கம்பளிக் காலுறைகளின் விரல்முனையைத் தைத்து மூடுவது ஃபிலோமினாவின் வேலை. தைத்ததும் உட்புறத்தைத் திருப்பி, கண்ணை மூடி இமைமேல் தேய்த்துப் பார்ப்பாள். காய்த்துப்போன கைவிரலுக்குத் தட்டுப்படாத முடிச்சும் இமைக்குத் தட்டுப்பட்டுவிடும். இருபது வருடத்தில் ஒன்றே ஒன்று தப்பிவிட்டது.

மேற்பார்வையாளர் தனசீலன், காலுறை வாங்கிய வேட்டைக்காரர் ஒருவரின் கடிதத்தோடு வந்தார்.

"முடிச்சு உறுத்துதுன்னு அந்தாளு ஷூவைக் கழட்டியிருக்காரு. சத்தம் கேட்டு மான் ஓடிருச்சாம். வேற ஜோடி கேக்குறாரு. இன்னொருவாட்டி இப்படி ஆச்சுன்னா உங்களுக்கு இங்க வேலை இல்லக்கா."

"மான் ஓடிருச்சுங்களா?"

"அதான் சொல்றேனே!"

அவர் முன்னாலேயே புது ஜோடியைத் தைத்து மூடி இமைமேல் தேய்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஊசியில் மறுபடியும் நூலைக் கோத்து, நுனியில் தடிப்பாக ஒரு முடிச்சுப் போட்டாள்.

"எந்த விரல்ல உறுத்துச்சுன்னு எழுதியிருக்காருங்களா சார்?"