வெடிக்கிற வண்டி

உமாபதியின் பழைய மோட்டார் சைக்கிள் தெருமுனையிலேயே டப் டப்பென்று வெடித்துக்கொண்டு வரும். பிள்ளையார்பாளையமே திரும்பிப் பார்க்கும். இக்னீஷன் டைமிங்தான், அதாவது பொறி விழும் நேரம்தான் தப்பு என்று யூடியூப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஓடிக்கினுதானே இருக்குது, ஏன் நோண்டுறீங்க?" என்றாள் மனைவி கமலவேணி.

"அந்தச் சத்தம்தாண்ணா வண்டிக்கே கெத்து," என்றான் அவர் வீட்டு நாலு தறிகளில் ஒன்றில் நெய்யும் சிவராஜ்.

தன் மூளையை யாரும் நம்பவில்லையே என்று உமாபதிக்குக் கோபம். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு மூடியைக் கழற்றி, பொறியைக் கிளப்பும் பாயிண்டுக்கு நடுவே ஒரு பட்டு இழையைக் கொடுத்தார். இன்ஜினை மெல்லச் சுற்றி, குறி நேராக வரும்போது இழை விடுபடும்படி பாயிண்ட் இருக்கும் பிளேட்டை நகர்த்தி முடுக்கினார். உதைத்தார். வண்டி சாதுவாக முனகியது.

பட்டுக்கடைவரை போய், அதே அடக்கத்தோடு திரும்பினார். வீட்டுக்குள் ஒரே சிரிப்பு. ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

நாலு தறியும் நின்றிருந்தன. நெய்கிறவர்கள் பஜ்ஜியும் கையுமாக உட்கார்ந்திருக்க, கமலவேணி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, இல்லாத வண்டியை உதைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிறுக்கனைப் பார்த்து உமாபதிக்கே சிரிப்பு வந்தது. அப்புறம்தான் அது யாரென்று புரிந்தது.

"போதும் அண்ணி, அண்ணன் வந்துடப்போறாரு," என்றான் சிவராஜ்.

"முனையில வெடிக்கும்ல, அப்ப எழுந்துக்கலாம்."

உமாபதி வண்டியைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போனார். பிளேட்டைப் பழைய இடத்துக்கே திருகிவிட்டுக் கிளப்பினார்.

டப். டப்.

அவர் உள்ளே நுழைந்தபோது நாலு தறியும் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தன.

"என்னங்க, சரியாவலையா?" என்றாள் கமலவேணி.

"அதெல்லாம் நமக்கு எங்கம்மா வரும்," என்று கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டார் உமாபதி.